கேப்டனுக்கு அம்மா போட்ட மனு

ஆம்பூர்,
3-2-2025

அன்பு மகன் அன்பரசனுக்கு, அம்மா எழுதுவது.

ஓடும் கப்பலின் மேல் விமானத்தை இறக்கும் பரீட்சையில், விமானத்தைப் பிடித்து நிறுத்தத் தளத்தில் கட்டிய கம்பி இரண்டு நாளும் சிக்காமல் கரைக்கே திரும்பினேன், இன்னும் ஒரு நாள்தான் வாய்ப்பு என்று போனில் சொன்னாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டு ஜஹீருன்னிசா, "இன்னா டீச்சர், கரையில அவ்ளோ நீளமா ரன்வே இருக்க, கப்பல்ல போயி ஏன் எறங்கணும்? புள்ளைக்குப் பேஜாரு" என்கிறாள். என் கேள்வியும் அதுதான்.

அதனால், உன்னைத் தரையிலிருந்து பறக்கும் விமானத்துக்கு மாற்றச் சொல்லி உன் கேப்டனுக்கு ஒரு மனு போட்டுவிட்டேன். நான் தலைமையாசிரியையாக இருந்தவரை, பெற்றோர் கையெழுத்தோடு வந்த எந்தக் கடிதத்தையும் தள்ளியதில்லை. அவரும் தள்ளமாட்டார்.

கோபப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
பாக்யலட்சுமி


கோவா,
11-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மனு வந்தது. "உங்க அம்மா கையெழுத்து உன் லேண்டிங்கைவிட நேரா இருக்குப்பா" என்றார் கேப்டன். மெஸ்ஸில் இப்போது என் பெயர் 'லீவ் லெட்டர்'. பிறகு தனியே அழைத்து, மாறுவதானால் மாறலாம், முடிவு உன்னுடையது என்றார்.

கரை எட்டாத நடுக்கடலில் கப்பல்தான் எங்கள் ரன்வே; கம்பி சிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பாணியிலேயே ஓர் உதாரணம் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கப்பலின் தளம் முழுக்க நேர்ப்பாதை. கம்பியைத் தவறவிட்டவன், முட்டுச்சந்துக்குள் புகுந்த லாரி மாதிரி, முன்னால் நிறுத்தியிருந்த விமானங்கள்மேல் போய் மோதுவான். தடுக்க வலை கட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் இறங்கும் பாதையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினார்கள், நம் நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோடு பிரிகிற மாதிரி. அதன் முனையில் வெறும் கடல்தான். ஆகவே சக்கரம் தளத்தைத் தொட்டதும் எஞ்சினைக் குறைக்க மாட்டோம். முழு வேகம் கொடுப்போம். வாலிலுள்ள கொக்கியில் கம்பி மாட்டினால் நிற்போம். மாட்டாவிட்டால் அப்படியே ஏறிச் சுற்றி வருவோம்.

நானும் அப்படித்தான் ஏறினேன். இறங்கும் உயரம் சரியா என்று காட்டும் கப்பலின் வழிகாட்டும் விளக்கைப் பார்க்காமல் தளத்தைப் பார்த்தது என் தவறு. அதைத் திருத்த முடியும்.

27ஆம் தேதி மறுபடி கப்பலில் இறங்க வருகிறேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். மனுவைத் திரும்பப் பெறுங்கள்.

அன்பு மகன்,
அன்பரசன்


ஆம்பூர்,
17-2-2025

அன்பரசா,

கடிதத்தை ஜஹீருன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன். "நிக்கப் போறவன் ஆக்சிலேட்டர மிதிக்கிறானா? நல்ல கூத்து!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உன்னைக் கேட்காமல் எழுதியிருக்கக் கூடாது. நீ ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இல்லை. மனுவை ரத்து செய்யும்படி கேப்டனுக்கு ஸ்பீட் போஸ்ட் போட்டாயிற்று.

பயம் போகவில்லை. அது என்னோடு இருக்கட்டும். நீ விளக்கைப் பார்.

அம்மா


கப்பலிலிருந்து,
27-2-2025

அம்மா,

இன்றும் முதல் முறை மாட்டவில்லை. ஏறினேன். சுற்றி வரும்போது, 'இன்னொரு தரம், அவ்வளவுதானே' என்று இருந்தது. அடுத்த முறை விளக்கைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெல்ட் தோளை அறுக்கிற மாதிரி ஓர் இழுப்பு. எஞ்சின் இன்னும் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்க, ரேடியோவில், "நின்னுட்டப்பா, போதும், கொறை" என்றார்கள். அதற்குப் பின் இறங்கிய ஒவ்வொரு முறையும் கம்பி மாட்டியது. தேறிவிட்டேன்.

மனுவை ரத்து செய்யச் சொன்ன உங்கள் இரண்டாவது கடிதத்தைக் கேப்டன் என்னிடமே கொடுத்துவிட்டார். முதல் கடிதத்தைத் தரமாட்டாராம், கப்பலுக்கு வந்த ஒரே பெற்றோர் மனு அதுதானாம்.

இனிமேல் என்னைப் பற்றி யாருக்காவது எழுதத் தோன்றினால், முதலில் எனக்கு எழுதுங்கள். கட்டாயம் பதில் போடுவேன்.

உங்கள்
அன்பரசன்