இரண்டு தட்டு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை முடியவில்லை, அவருக்கு இடது பக்கம் இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது, புரண்டு படுக்கவும் என் கை வேண்டியிருக்கிறது. உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று நாடு, இருபத்திரண்டு நாள், நீயும் மாப்பிள்ளையும் ஒரே மோட்டார் சைக்கிளில், பேத்தி அவள் அத்தை வீட்டில். போக வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் கேட்கிற வயிற்றிலா நீ பிறந்தாய். ஆனால் நம் ஊர் வழியாகத்தான் போவோம், அந்த ஆள் இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், நீ பெட்ரோல் பங்க்குக்கு வா, அங்கேயே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் எலும்பு உடைந்த கதை. போன ஞாயிற்றுக்கிழமை உன் தாய்மாமன் புது வீட்டில் விருந்து. நீங்கள் போகிற பயணத்தை நான்தான் பெருமையாகச் சொன்னேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன் நாற்பது பேர் நடுவில், "அக்கா, மாப்பிள்ளையத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டச் சொல்லு, இல்லேன்னா அத்தான் மாதிரி காலி சீட்டை ஏத்திக்கிட்டுப் போய்ச் சேர்ந்துடப் போறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாற்பது வருடமாக இந்தப் பேச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்ட மனிதர் அன்றைக்கு எழுந்தார், தண்ணீர் நிரம்பிய பித்தளைச் செம்பைத் தூக்கி அவன் நெற்றியில் ஒரே போடு. மேஜை விரிப்பெல்லாம் ரத்தம். ஏழு தையல். அவன் பெற்ற இரண்டு தடியன்களும் அப்பாவைக் கீழே தள்ளி பூட்ஸ் காலால் மிதித்தார்கள், அறுபத்தொன்பது வயது ஆளை. நான் அதில் மூத்தவனை முழங்கைக்கு மேலே கடித்தேன், சதை வாய்க்கு வந்துவிட்டது, என் பல் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. உன் மாமன் ஐந்தாம் வகுப்பில் என் சிலேட்டை வேண்டுமென்றே உடைத்தவன், அதோடு என் படிப்பும் நின்றது, அதையே நான் மறக்கவில்லை, இதையா மறப்பேன். தரையில் கிடந்தபடி அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார், எப்போதும் சொல்கிற அதேதான், "அவ தட்டினா, நான் போனேன்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், அம்மாவை ஏன் விட்டுட்டு ஓடினீங்க என்று நீ கேட்டபோது உன்னிடமும் அதே சொல்லைத்தான் சொன்னார். பொய் சொல்லாதீங்கப்பா என்றாய், அதோடு அவரிடம் பேசுவதை விட்டாய். என் கையில் இல்லாத இரண்டு விரலுக்காக விட்டாய். அதனால் நடந்ததை இப்போது உள்ளபடி எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. உனக்கு அப்போது ஒன்றரை வயது. இரண்டு எல்லை தாண்டி ஒரு மில்லில் அப்பாவுக்கு மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது, கலவரத்தில் ரயில் நின்றுவிட்டதால் எங்கள் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பினோம். உன்னை என் போர்வையால் அப்பா நெஞ்சோடு கட்டியிருந்தேன். சைலன்சரில் ஓட்டை, பேசினால் ஒன்றும் கேட்காது, அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. நான் ஏறி உட்கார்ந்து துணியை ஒதுக்கிக்கொண்டு அவர் வலது தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் கிளம்பலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். இரண்டாவது எல்லை தாண்டி நான்காம் நாள் உச்சிவெயிலில், மருந்துக்கும் ஆள் இல்லாத ரோட்டில் செயின் கழன்றது. மாட்டிவிட்டு அப்பா ஏறி உதைத்து ஸ்டார்ட் செய்தார், நான் கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், அப்போது பாலத்துக்கு அடியிலிருந்து நான்கு பேர் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வண்டி வேண்டும். ஒருவன் பின்னால் கேரியரைப் பிடித்தான், பெரிய ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் அடித்தேன், எலும்பு நொறுங்கிய சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இன்னொருவன் இரும்புக் குழாயால் முன்விளக்கை உடைத்தான், கண்ணாடித் தூள் உன் தலைமுடியில் விழுந்தது. மூன்றாவது ஆள் கையில் வெட்டுக்கத்தி. அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, போர்வைக்குள் இருந்த உன்னைப் பார்த்துத்தான் ஓங்கினான், குழந்தையை வெட்டினால் வண்டியை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ. அந்தக் கத்தியை நான் இடது கையால் பிடித்தேன்.

வலது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன். அந்தக் கையால் அப்பா தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

ஆமாம் மகளே, தட்டினேன். நான் ஏறவில்லை, ஏற நேரமும் இல்லை, நீ பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் அப்போது தெரிந்தது. வண்டி போய்விட்டது. வண்டி கைவிட்டுப் போன ஆத்திரத்தை அவர்கள் என் மேல் காட்டினார்கள். குழாயால் முதுகில், காலில், முகத்தில். நான் சும்மா வாங்கிக்கொண்டு கிடந்தேன் என்று நினைக்காதே, கீழே போட்ட ஸ்பேனரை எடுத்துக் கத்திக்காரன் முன்பல் மூன்றை இறக்கினேன். கல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்க, அதிலிருந்தவர்கள் கடப்பாரையோடு குதிக்க, இரண்டு பேர் ஓடினார்கள், இரண்டு பேர் மாட்டினார்கள். அப்பா ஒன்பது கிலோமீட்டர் போய், ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்ற டீச்சரம்மா கையில் உன்னைத் திணித்துவிட்டு, டயர் கழற்றுகிற இரும்பு லீவரோடு திரும்பி வந்தார். மாட்டியவர்களை அவர் அடித்த அடியைச் சொன்னால் உனக்குத் தூக்கம் வராது, லாரிக்காரர்களே பயந்து இழுத்துப் பிடித்தார்கள். பிறகு அந்த வெயிலில் மண்டி போட்டு, புழுதியைக் கையால் அளைந்து அளைந்து என் விரல்களைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் நான் கண் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ தட்டினேதானே?" நான் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? அடி விழும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முதுகைத்தான். சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகிற வரைக்கும் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. தட்டினால் போய்விடுவதா, கட்டினவள் ஏறினாளா என்று பார்க்க வேண்டாமா? அந்தக் கோபத்தில் வந்த ஒரு சொல். அதை நாற்பது வருடம் கட்டிக் காத்தேன். ஊர் அவரைப் பொண்டாட்டியை விட்டுவிட்டு ஓடினவன் என்று சொல்லச் சொல்ல என் நெஞ்சு ஆறியது, நீ அவரிடம் பேசாமல் இருந்தபோது மட்டும் ஆறவில்லை, கனத்தது. போன வாரம் அவர் விலா உடைந்த சத்தத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவனுங்க பூட்ஸ் போட்ட கால் பாதி, நான் சொன்ன பொய் பாதி.

இதுவரை எழுதியதைக் காலையில் அவருக்குப் படித்துக் காட்டினேன், அவருக்குத் தெரியாமல் உனக்கு எழுதுவது நியாயமாகப் படவில்லை. என்னைத் திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவர், "நீ ஏறலேன்னு எனக்குத் தெரியும்" என்றார். எப்படி என்றேன். "நீ ஏறினா பின்னாடி ஸ்பிரிங் அமுங்கும், அன்னிக்கு அமுங்கல, மெக்கானிக்குக்கு இது தெரியாதா?" என்றார். எனக்கு வெறி வந்துவிட்டது. தெரிஞ்சுமா போனே, பின்னே ஏன்யா ஒரு தடவை திரும்பிப் பாக்கல என்று கத்தினேன், பக்கத்து வீட்டுத் தையல்காரி ஓடி வந்துவிட்டாள். அவர் மெதுவாகத்தான் சொன்னார், மூச்சு விட்டாலே வலிக்கிறது அவருக்கு. "பாத்திருந்தா போயிருக்க மாட்டேன்டி. புள்ளையும் போயிருக்கும்." அந்த விலா ஏற்கெனவே உடையாமல் இருந்திருந்தால் நானே உடைத்திருப்பேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாற்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதேன்.

அதனால் பெட்ரோல் பங்க்குக்கு நான் வர மாட்டேன். நீ வீட்டுக்கு வா. நான்தான் தட்டினேன் என்று உன் மாமனிடமும் அவன் பிள்ளைகளிடமும் நானே போய்ச் சொல்லிவிட்டேன், கையில் ஸ்பேனரோடுதான் போனேன், எவனும் சிரிக்கவில்லை. பயணத்தில் நீங்கள் இருவரும் என்ன ஏற்பாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஏறிட்டேன் என்று வாயால் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. புதுச் செயின் மாட்டி, செயினுக்கு ஒரு கண்ணியும் கூடுதலாக எடுத்துவரும்படி மாப்பிள்ளையிடம் சொல்லச் சொன்னார் அப்பா. மூன்று பேரும் நூறு வயது வாழ வேண்டும், போகிற ரோடெல்லாம் உங்களுக்கு வழிவிட வேண்டும். மறக்காதே, நீ உள்ளே வரும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், கூப்பிட வேண்டாம், வலது தோளில் இரண்டு தட்டு, அது போதும்.

இப்படிக்கு,
உன்னை அவரோடு அனுப்பிவைத்த,
எட்டு விரல் அம்மா