மஞ்சள் விளக்கு எரியாத நாள்

இன்று காலை கம்பெனியில் எங்கள் அசெம்பிளி வரிசையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன சங்கரன்கோவில் பெண் ஒருத்தி, முடியாமல் உதவிப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தப்பு செய்தவளைப் போலத் தலைகுனிந்திருந்தாள். விளக்கு எரிந்தால் ஓடிப்போய் அந்த இடத்தில் உட்காருவதுதான் இப்போது என் வேலை. அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. உன் நினைவு வந்துவிட்டது.

நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் மாதம் நான் அந்தப் பொத்தானைத் தொடவே மாட்டேன். கை மரத்துப்போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போர்டுகளைத் தள்ளுவேன். நீ திட்டுவாய்: “ஏட்டி, அமுக்குனா ஆள் வரும்லா. எதுக்கு ஒத்தையில கெடந்து சாவுத?” ஜெபம் செய்ய நான் தயங்கினாலும் உனக்கு அதே பேச்சுதான். “கர்த்தர் என்ன சூப்பர்வைசரா? கூப்பிட்டா வைவாரோ?” என்று சிரிப்பாய்.

பிறகு உன்னையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு உன் புருஷன் போய்விட்டான். நாம் கம்பெனிக்குப் பக்கத்திலிருந்த வடக்குப்பட்டில் ஓர் அறை எடுத்து, எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டோம். நான் வேலைக்குப் போனால் பிள்ளையோடு நீ, நீ போனால் நான். இரண்டரை வருடம் அப்படி ஓடியது.

அன்று உனக்குக் காய்ச்சலின் மூன்றாம் நாள். செல்போனைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களே. வீட்டுக்கார அக்கா கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து, “உன் ரூம் பொண்ணுக்கு ரொம்ப முடியலையாம்” என்றார். ஷிப்ட் முடிய நாற்பது நிமிடம் இருந்தது. பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்னால் வரிசை நிற்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. நான் அமுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து, அக்கா உன்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்கு நினைவில்லை. அதன்பின் நீ கண் திறக்கவே இல்லை.

பிள்ளையை நானே வைத்துக்கொண்டேன். உன் வீட்டார் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். வேலையை விட்டேன். அக்கா சோறு கொண்டுவந்தால் கதவைத் திறப்பதில்லை. ஜெபமும் செய்யவில்லை. உன்னைச் சாகவிட்டவள் எந்த முகத்தோடு கேட்பது? சுவரோரம் உன் பாய் சுருட்டியபடியே இருந்தது. அதில் நீ புரண்டு படுக்கும் சத்தம் எனக்குப் பட்டப்பகலில் கேட்டது.

ஒரு மழைக்காலக் காலையில் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்தது. உன் உடம்பு கொதித்த அதே கொதிப்பு. மருந்தூட்டப் போனால் “நானே, நானே” என்று டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள். மறுபடி ஊட்டினேன், என் கையை இரத்தம் வரக் கடித்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. உடனே என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“சித்தி, தூக்கு.”

கடித்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தூக்குவேனா என்று யோசிக்கவும் இல்லை. கடித்த கையிடமே கேட்டாள். நான் அவளை அள்ளிக்கொண்டு அழுதேன். “கர்த்தரே, என்னால முடியல, வாரும்” என்று வாய்விட்டுச் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். அக்கா வழக்கம்போலச் சோற்றுக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

“இன்னா கண்ணு, கொயந்த நெருப்பா கொதிக்குது! குடு இப்டி. ஆட்டோ இட்டாரச் சொல்றேன்” என்றாள்.

உன் சாமி அனுப்பினாரா, அவளாகவே வந்தாளா என்று நான் ஆராயவில்லை. பிள்ளையைக் கொடுத்தேன்.

உன் மகள் பிழைத்தாள். இப்போது ஏழு வயது. செருப்பு வார் மாட்டுவதில் இன்னும் “நானே”தான். நான் மறுபடி வேலைக்கு வந்தேன், விளக்கு எரிந்தால் ஓடுகிற வேலையைக் கேட்டு வாங்கினேன். எரிந்தால் ஓடிவிடலாம். எரியாதபோதுதான் நீ என் முதுகுப்பக்கம் வந்து நிற்கிறாய்.

அந்த நாற்பது நிமிடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சுமக்க முடியாத நாட்களில் உன் மகளைப் போல இரண்டு கைகளையும் தூக்குகிறேன். தூக்குகிறவர் நான் கடித்ததைப் பற்றிக் கேட்பதே இல்லை.