படத்தில் வந்த கிழவி

கஜா பெராங், மலாக்கா
12 மார்ச் 1962

தேவதாசுக்கு அஞ்சலை எழுதுவது. ஆசீர்வாதம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மறந்திருப்பாய். சுவரோரமாக நான். என் பக்கத்தில் என் பேத்தி சீதா, பச்சைப் புடவை. கதவருகில் அண்டைவீட்டுப் பூங்காவனம். உனக்கு இந்த ஊரில் பெரியவர்கள் இல்லையே என்று உனக்குப் பெரியப்பாவாக நின்ற சேதுராமன் வாத்தியார், சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். துணிக்கடை ஷரீஃபுதீன், உனக்குப் போர்த்த ஜரிகைத் துண்டோடு. வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு என் மகன் பொன்னுதுரை, சீதாவின் அப்பா. நடுவில் நீ.

இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் வெற்றிலை மாற்றினோம். என் பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாய். அந்தத் தட்டு உன்னிடம் இருக்கும்வரை சீதா உனக்குச் சொன்ன பெண். வேண்டாமென்றால் தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. உனக்கும் அன்றைக்கே சொன்னோம்.

மலாயா சுதந்திரம் வாங்கிய மறுவருஷம் நீ வந்தாய். மாணவர் பரிமாற்றமாம். நம் ஊர்ப் பையன் ஒருத்தன் மதராசில் படிக்கப் போனான், அவனுக்குப் பதில் நீ. வருஷம் முழுக்க எங்கள் வீட்டுச் சோறு. மிளகாய்ச் சம்பல் காரம் என்று மூக்கைச் சிந்திக்கொண்டே மறுசோறு கேட்பாய். மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது இந்தக் கைதான். கப்பல் ஏறியவன் ஒரு வரி எழுதவில்லை.

இப்போது படத்துக்குக் கதை எழுதுகிறாயாம். போன வாரம் டவுன் தியேட்டரில் பார்த்தோம். பரிமாற்ற மாணவன் ஒருத்தன், மலாக்காப் பெண் ஒருத்தி, கடற்கரையில் பாட்டு. அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கிழவி யாரடா? இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, என்னைப் போல. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற பேச்சும் என்னுடையது. அவள் அவன் எழுதும் கடிதங்களை அடுப்பில் போட்டு எரிக்கிறாள். நீ கடிதமே போடவில்லையே, நான் எதை எரிப்பேன்? வெற்றிலை மாற்றியதை மட்டும் படத்தில் காணோம்.

பின்வரிசைப் பெண்கள், "இந்தக் கெழவி வெளங்குவாளா" என்று மண்ணை வாரித் தூற்றாத குறை. பூங்காவனம் என் முழங்கையை இடித்து, "அத்தே, மூக்குத்திகூட ஒங்களுதுதான்" என்றாள். பொன்னுதுரை இந்தப் பக்கம் உட்கார்ந்து கச்சாங் பூத்தே பொட்டலத்தை நீட்டிக்கொண்டே இருந்தான். கடலை தின்கிற நேரமா அது?

வீட்டுக்கு வரும் வழியில் சீதா கேட்டாள்: "கெழவி, தேவதாஸ் எழுதுனத நீதான் எரிச்சியா?"

தாயில்லாத பிள்ளையை வளர்த்தவள் நான். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் ராஜரத்தினத்துக்கு அவளைக் கேட்கிறார்கள். புக்கிட் பாரு ஊர்க்காரர்கள், நல்ல மனிதர்கள். அவளுக்கும் சம்மதம். ஆனால் அவன் அம்மா சாரதாம்பாள், "மொத தட்டு திரும்பி வரட்டும்" என்கிறாள். அவள் கேட்பது நியாயம். தட்டை அனுப்பு. அனுப்பாவிட்டால் நானே கப்பல் ஏறி வருவேன். கோடம்பாக்கத்தில் நின்று நான் பேசினால் உன் படத்துக் கிழவி பிச்சை வாங்க வேண்டும்.

அஞ்சலை

*

சென்னை
2 ஏப்ரல் 1962

பாட்டிக்கு, உங்கள் கைச்சோறு தின்ற தேவதாஸ் வணங்கி எழுதுவது.

தட்டு என்னிடம் இல்லை.

என்னைக் கப்பலேற்றப் பொன்னுதுரை மாமா போர்ட் சுவெட்டன்ஹாம் வரை வந்தாரே, அங்கே தட்டைக் கேட்டார். "சீதா போய்ட்டா எனக்கு யார் இருக்கா? நீ கடுதாசி போடாத தம்பி. நான் கேட்டேன்னு சீதாவுக்குத் தெரியவும் வேணாம்" என்றார். அத்தனை பேர் நடுவில் அழுதார். எனக்கு அப்போது தைரியம் இல்லை. கொடுத்துவிட்டேன். நீங்களும் சம்மதித்துத்தான் அவரை அனுப்பினீர்களோ என்றுகூட நினைத்தேன்.

படத்தில் முதலில் அப்பா என்றுதான் எழுதினேன். சீதா பார்ப்பாளே என்று தோன்றியது. அடித்துவிட்டுப் பாட்டி என்று மாற்றினேன். நீங்கள் தாங்குவீர்கள் என்று நினைத்தேன். அது தப்புதான்.

எனக்குப் போன ஆவணியில் திருமணம் ஆகிவிட்டது. சீதாவிடம் என்ன சொல்வது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

தேவதாஸ்

*

கஜா பெராங்
6 மே 1962

தேவதாசுக்கு.

உன் கடிதத்தைப் படித்தேன். எரித்துவிட்டேன். படத்தில் நீ எழுதியது இப்போது உண்மை.

தட்டு கிடைத்தது. பொன்னுதுரையின் டிரங்குப் பெட்டியில், பழைய கைலிக்கு அடியில், பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கு இருந்தவர்களையெல்லாம் மறுபடி கூட்டினேன். வராதவன் நீ ஒருத்தன்தான். சாரதாம்பாளும் வந்தாள். தட்டை நடுக்கூடத்தில் வைத்துச் சொன்னேன்:

"பையன் அப்பவே திருப்பிக் குடுத்துட்டான். நாந்தான் ஒளிச்சு வெச்சேன். இவள கடல் தாண்டி அனுப்ப எனக்கு மனசில்ல. கடுதாசியும் வந்துச்சு. அதையும் நாந்தான் எரிச்சேன்."

பூங்காவனம், "அப்ப படம் நெசந்தானா அத்தே" என்றாள். சேதுராமன் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சீதா எழுந்து உள்ளே போனாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகமே தெரியாத பெண். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மணவறை ஏற வேண்டியவள். அந்தக் கையையும் நான் எப்படிப் பிடுங்குவேன்?

ஆனியில் கல்யாணம். சீதா வேளாவேளைக்கு என் முன்னால் சோறு வைக்கிறாள். முன்பெல்லாம் "கெழவி, எந்திரி" என்பாள். இப்போது "சாப்பிடுங்க பாட்டி" என்கிறாள். மரியாதை. அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

இதை வைத்து இன்னொரு படம் எழுதினாயோ, உனக்கு அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியெல்லாம் விஷமாகட்டும். உன்மேல் எனக்கு இருப்பது கோபம். நான் சாவதற்குள் தீர்ந்தாலும் தீரும். உன் பெண்டாட்டிக்கு சம்பல் அரைக்கத் தெரியாவிட்டால் கேட்டு எழுதச் சொல்.

தீராதது ஒன்று இருக்கிறது. தியேட்டரில் ஊரே என்னைத் திட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பொட்டலம் நீட்டினான். தட்டை நடுவில் வைத்து நான் பொய் சொன்னபோது, தடுக்க ஒரு வார்த்தை போதும், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் காலையில் என்னிடம் காப்பி கேட்டான். கொடுத்தேன். பெற்ற வயிறு, கொடுக்காமல் என்ன செய்யும்? ஆனால் மன்னிக்க மாட்டேன். நான் போன பிறகு, தட்டை ஒளித்தது யாரென்று யாராவது கேட்டால் பெயரைச் சொல்.

பொன்னுதுரை.

அஞ்சலை