கூடுதலாக இரண்டு இரவு

திருச்சுழி
9.3.1997

ஸ்டீபன் அத்தானுக்கு, ஜெப ஷீலா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் மாமாவும் அத்தையும் நானும் இங்கே சுகம். கப்பலில் உங்கள் சுகத்துக்காக வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம்.

நீங்கள் போட்ட ஏழு கடிதங்களும் வந்து சேர்ந்தன. எதற்கும் பதில் எழுதாமல் இருந்தது என் தப்புதான். போன ஆடியில் நீங்கள் முகம்கூடப் பார்க்காத நம் பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு, பேனாவை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அன்றைக்கு நீங்கள் நடுக்கடலில் இருந்தீர்கள், நினைத்தாலும் வந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

இந்த வருஷம் நம் காட்டில் மல்லி விளைச்சல் சுமார்தான். மிளகாய் வத்தல் பரவாயில்லை. நேற்று பள்ளிக்கூடம் லீவு என்பதால் மாமாவோடு நானும் அருப்புக்கோட்டை மண்டிக்குப் போனேன். முதல் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நாலாவது கடையில் மூட்டைக்கு நாற்பது ரூபாய் கூடக் கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஆனாலும் மாமா முகத்தில் சந்தோஷம்.

மே மாதம் கப்பலைப் பழுது பார்க்க சிங்கப்பூருக்குக் கொண்டு வருகிறார்கள், பள்ளிக்கூட லீவில் ஐந்து நாள் அங்கே வந்து போ, டிக்கெட் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரைக்கு வடக்கே நான் போனதே இல்லை. எனக்கு எப்படி முடியும் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டு பேரும் காகிதத்துல கோவிச்சுக்கிட்டு இருந்தது போதும். நேர்ல போயி சண்ட போட்டுட்டு வா."

பாஸ்போர்ட்டுக்கு மனு அனுப்பியிருக்கிறேன். அதற்காக வருகிறேன் என்று முடிவாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மனு மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெப ஷீலா


திருச்சுழி
20.4.1997

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் உங்களைக் காப்பாராக. பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த ஏட்டையா, டீச்சருக்கு வெளிநாட்டில் என்ன ஜோலி என்று மாமாவிடம் கேட்டாராம். புருஷனைப் பார்ப்பதுதான் ஜோலி என்று மாமா சொல்லியிருக்கிறார். ஏட்டையா சிரித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

நவீன் தம்பி விசா வாங்கிவிட்டான். உங்கள் தம்பி என்று பெயர்தான், கூடப்பிறந்த அண்ணன் மாதிரி எனக்காக அலைகிறான். நீங்கள் எழுதிய ஹோட்டலுக்கு சென்னையிலிருந்து பேக்ஸ் அனுப்பினான். கார்டு நம்பர் தராமல் அறையைப் பிடித்து வைக்க மாட்டோம் என்று பதில் வந்ததாம். அவன் கம்பெனி வேலையாக வெளிநாடு போய் வருவதால் அவனிடம் அங்கே செல்லுகிற கார்டு இருக்கிறது. அந்த நம்பரைக் கொடுத்து, மே ஐந்தாம் தேதியிலிருந்து ஐந்து இரவுக்கு அறை சொல்லியிருக்கிறான். வரியெல்லாம் சேர்த்து இரவுக்குத் தொண்ணூறு சிங்கப்பூர் டாலர்.

அப்படியானால் கார்டிலேயே கட்டிவிடலாமே, நீங்கள் கரைக்கு வந்து அவனுக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். ஊருக்கு வந்திருந்த நவீன் என்னை உட்கார வைத்து விளக்கினான். கார்டில் கட்டினால் ஹோட்டல்காரர்கள் அவர்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். அந்த டாலரை ரூபாயாக மாற்றும்போது பேங்கு தன் விலையைப் போட்டு, அதற்கு மேலும் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்ளும். அதிலும் நாம் கட்டுகிற அன்றைய விலை கிடையாது. கணக்கு பேங்குக்கு வந்து சேருகிற அன்றைக்கு என்ன விலையோ அதுதான். "மதினி, கார்டு ரூமைப் பிடிச்சு வைக்க மட்டுந்தான். காசு கையில கொண்டு போங்க" என்று முடித்துவிட்டான்.

அதனால் மதுரைக்குப் போய், நீங்கள் அனுப்பியதில் முந்நூற்று ஐம்பது அமெரிக்க டாலருக்கு டிராவலர்ஸ் செக் வாங்கினேன். டாலர் நோட்டாக வாங்கினால் ஒரு விலை, செக்காக வாங்கினால் அதைவிடக் குறைந்த விலை. தொலைந்து போனாலும் திரும்பக் கிடைக்குமாம். ஏழு செக்கிலும் அங்கேயே ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. நாலாவது செக்கில் எழுத்து சாய்ந்துவிட்டது. அங்கே போய் நாலாவதில் மட்டும் சாய்த்துப் போட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஹோட்டலிலிருந்து வந்த பேக்ஸில் ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா என்று கேட்டிருந்தார்கள். நவீன் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை நீட்டினான். நான் என்ன எழுதினேன் என்பதை நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெப ஷீலா


சிங்கப்பூர்
10.5.1997, சனிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கேதான் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை விமானத்தில் நான் ஊருக்குப் போயிருப்பேன் என்று நினைத்து மனசு விட்டிருப்பீர்கள்.

திங்கட்கிழமை வந்து சேர்ந்தேன். செவ்வாய் காலையில் நீங்கள் எழுதியனுப்பிய விலாசத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டே உங்கள் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போனேன். கப்பல் கொரியாவிலிருந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது, பத்தாம் தேதி சாயங்காலம் வந்தாலும் வரும், பதினொன்று ஆனாலும் ஆகும் என்றார்கள். என் டிக்கெட் பத்தாம் தேதி காலைக்கு. ஐந்து நாள் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நீங்கள் வந்து சேருகிற அன்றைக்கு நான் கிளம்ப வேண்டும். ரோட்டோரத்தில் ஒரு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. பழைய கோபம்கூடத் திரும்ப வந்தது. இந்த மனுஷன் எப்போதுமே ஒரு நாள் பிந்தித்தான் வருவாரா என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுந்து விமானக் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். பன்னிரண்டாம் தேதி இடம் இருக்கிறது, தேதி மாற்றக் காசு வேண்டாம் என்றார்கள். அப்படியானால் இரண்டு இரவுக்கு அறை வேண்டும். அங்கேதான் முட்டியது.

ஹோட்டல் வரவேற்பு மேஜையில் சரஸ்வதி என்று ஒரு பெண் இருக்கிறாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என்னைவிடச் சின்னவள். என் செக்கையெல்லாம் மாற்றினால் எத்தனை இரவுக்குக் காணும் என்று அவளிடம் கேட்டேன். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தாள். அவர்கள் ஹோட்டலில் ஒரு அமெரிக்க டாலருக்கு ஒன்று முப்பத்தைந்து சிங்கப்பூர் டாலர்தான் தருவார்களாம். முந்நூற்று ஐம்பதுக்கு நானூற்று எழுபத்திரண்டு சொச்சம் வரும். தொண்ணூறு வீதம் ஐந்து இரவு போனால் மிச்சம் இருபத்திரண்டு. நவீன் கார்டிலும் ஐந்து இரவுக்கு மேல் தாங்காது, அவனுக்கு வெளிநாட்டுக்கு அவ்வளவுதான் அனுமதி.

நான் செக்கைத் திரும்பப் பைக்குள் வைப்பதைப் பார்த்து சரஸ்வதி பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். "அக்கா, செக்கை எங்ககிட்ட மாத்தாதீங்க. மார்க்கெட் பக்கம் பணம் மாத்துற கடைங்க இருக்கு, நாலு கடை ஏறி இறங்குங்க" என்றாள். தொண்ணூறு என்பது கார்டு கொடுத்துப் பிடித்த அறைக்கான விலையாம். ஒரு வாரத்துக்குச் சேர்த்து உள்ளூர் ரொக்கமாக முன்னாலேயே கொடுத்தால், முதலாளியிடம் பேசி இரவுக்கு எழுபது என்று முடித்துத் தருகிறேன் என்றாள். ஆனால் ஒன்று, அப்படிக் கட்டின பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது.

புதன்கிழமை பணம் மாற்றும் கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் ஒன்று முப்பத்தெட்டு. மாமா மாதிரி ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன். தோளில் போடத் துண்டு இல்லை, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். அடுத்த கடையில் நாற்பது. அதற்கு அடுத்த கடையில் மொத்தமாக மாற்றினால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். முந்நூற்று ஐம்பதும் சேர்த்துத் தந்தால் ஒன்று நாற்பத்து மூன்று என்றார். செக்கை மாற்றும்போது கமிஷன் ஏதாவது பிடிப்பீர்களா என்று இரண்டு தரம் கேட்டு, இல்லை என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். நாலாவது செக்கில் சாய்த்துப் போட்டேன். ஐந்நூறு டாலர் கைக்கு வந்தது.

ஏழு இரவுக்கு நானூற்றுத் தொண்ணூறு. கட்டிவிட்டால் மிச்சம் பத்து. கைச்செலவுக்கு நான் தனியாக வைத்திருந்த பணத்தில் பாதி ஏற்கெனவே பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது. கப்பல் இன்னும் இரண்டு நாள் பிந்தினால் பணமும் போய், உங்களையும் பார்க்காமல் ஊர் திரும்ப வேண்டும். சரஸ்வதியும், நல்லா யோசிச்சுக்குங்க அக்கா என்றாள். நான் யோசித்தேன். எட்டு மாதம் ஒரு வரி எழுதாமல் உங்களைக் காக்க வைத்தவள் நான். நீங்கள் அத்தனை கடிதம் எழுதினீர்கள், பதில் வரும் என்று யார் உங்களுக்கு உறுதி சொன்னார்கள்? பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். நவீன் அனுப்பியிருந்த கார்டு பேப்பரை என் கண் முன்னாலேயே கிழித்துப் போடச் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே கிழித்தாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ரொட்டியும் வாழைப்பழமும் இருக்கிறது. அத்தை உங்களுக்கென்று கொடுத்துவிட்ட முறுக்கில் பாதியை நானே தின்றுவிட்டேன். நேற்று சரஸ்வதி வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் கொண்டு வந்து கொடுத்தாள். காசு தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டாள். அவளுக்கு நம் ஊர் வத்தல் ஒரு பொட்டலம் கொடுத்தேன்.

இன்று காலையில் ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போனபோது, கப்பல் விடிகாலையிலேயே வந்து வெளித்துறையில் நங்கூரம் போட்டுவிட்டது என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேரே கடற்கரைக்குப் போனேன். தூரத்தில் இருபது முப்பது கப்பல் நிற்கிறது. எது உங்களுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சாமான் ஏற்றி வருகிற படகில் ஏஜெண்ட் ஆபீஸ் ஆள் இந்தக் கடிதத்தை உங்களிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேப்டனிடம் கெஞ்சியாவது அதே படகில் இறங்கப் பாருங்கள். முடியாவிட்டால் நாளைக்கு வாருங்கள். திங்கட்கிழமை காலை வரைக்கும் அறை நம்முடையது. ஹோட்டல் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மூன்றாவது மாடி.

பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று இரண்டு கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். என்னால் எழுத முடியவில்லை. அத்தையிடமும் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

படகில் இறங்கும்போது பார்த்து இறங்குங்கள். கர்த்தர் உங்களைக் கரை சேர்ப்பாராக.

உங்கள்
ஜெபா