அறுநூற்றுப் பதினோராவது படம்

மார்ச் 3, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. படம் 548 முதல் 583. பொம்மைப் பேருந்து, ஒரு நகர்த்தலுக்கு ஒரு படமாக, பாலத்தின் முதல் தூணைத் தாண்டிவிட்டது. நொடிக்குப் பன்னிரண்டு படம்; ஆக இன்றைய உழைப்பு மூன்று நொடி.

ஜன்னலை மூடிய கறுப்புத் துணியின் ஓரத்தில் வெயில் கசிந்தது. ஆணி அடித்தேன். வெளி வெளிச்சம் கொஞ்சம் நுழைந்தாலும், ஓடவிட்டுப் பார்க்கும்போது படம் கண்சிமிட்டும். கேமராவில் தானாக இயங்கும் எல்லாவற்றையும் முன்பே நிறுத்திவிட்டேன். பேருந்தின் பிளாஸ்டிக் கட்டைகளின் பளபளப்புதான் அடங்க மறுத்தது. வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த நாளில் மிச்சம் பிடித்த டிரேசிங் தாளை விளக்கின் முன் கட்டினேன். அடங்கிற்று.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், மறுபடியும் வெள்ளைச் சட்டையில் வந்தார். வெள்ளைச் சட்டை பக்கத்தில் நின்றால் அதுவே இன்னொரு விளக்கு. என் கறுப்புச் சட்டையைக் கொடுத்தேன். வயிற்றருகே இரண்டு பொத்தான்கள் பூட்டவில்லை. "தலகாணிக்கு ஒறை போட்ட மாதிரி இருக்கு மச்சான்" என்றார்.

மார்ச் 4, புதன்

584 முதல் 605.

படம் அவருடையது. அவர் ஓட்டிய கடைசி நடை: விடியலில் கிளம்பி, பாலம் கடந்து, பணிமனைக்குள் பேருந்தை நிறுத்திச் சாவியைக் கொடுப்பது. முப்பத்தொரு வருஷம் ஓட்டினார். ஒரு கீறல் இல்லை, ஒருவரையும் இடித்ததில்லை. அதைத் தவிர வேறெதற்கும் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. சின்னக் கட்டைகளை அடுக்கி அந்தப் பேருந்தைச் செய்ததும் அவர்தான். நூலகத்தில் 30ஆம் தேதி திரையிடுகிறார்கள். பழைய ஓட்டுநர்கள், நடத்துநர்கள் எல்லோரையும் அழைத்துவிட்டார்.

விளக்கு, கேமரா, குறிப்பேடு என் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: விளக்கின் தூரம், கேமரா ஸ்டாண்டு அருகில் யார், விளக்கருகில் யார். மாப்பிள்ளை அதை, பேருந்தில் நடைக்கு நடை எழுதும் தாளைப்போல, டிரிப் ஷீட் என்பார்.

மார்ச் 5, வியாழன்

606 முதல் 640. தலைவலி.

மார்ச் 7, சனி

ஓடவிட்டுப் பார்த்தோம். பேருந்து அழகாகப் போகிறது. 611இல் பாலம், ஆறு, ஊர், எல்லாம் வலப்பக்கம் ஒரு துள்ளு துள்ளுகிறது. அதன்பின் எல்லாப் படமும் அந்தக் கோணலிலேயே. யாரோ கேமரா ஸ்டாண்டைத் தட்டியிருக்கிறார்கள்.

மாப்பிள்ளை மூன்று முறை போடச் சொன்னார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதுதான் தட்டியிருக்கும். ட்ரிப் ஷீட்டப் பாருங்க மச்சான்" என்றார்.

பார்த்தேன். 611: ஸ்டாண்டு அருகில், மாப்பிள்ளை.

"அப்ப நான்தான்."

குறிப்பேட்டை மூடினேன்.

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுத வேண்டும்.

தட்டியது நான். அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போயிருந்தார். பேருந்தைப் பாதி விரற்கடை நகர்த்தக் குனிந்தேன். நிமிரும்போது முழங்கால் ஸ்டாண்டின் காலில் பட்டது. பட்டது தெரியும். திரையைப் பார்க்கப் பயந்து அப்படியே பொத்தானை அழுத்தினேன். பிறகு பேனாவை எடுத்து — இதுதான் கொடுமை — நடுக்கமில்லாமல், நல்ல கையெழுத்தில், அவர் பெயரை எழுதினேன்.

ஏன்? கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டும். கேட்க யாருமே இல்லாதபோது பொய் எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷம் வரைபடத்தில் ஒரு கோடு பிசகினால் ஓரத்தில் என் இனிஷியல் போட்டுத் திருத்தியவன் நான். பாராட்டெல்லாம் வாங்கியிருக்கேன் அதுக்கு. இப்ப என்னடா வந்தது உனக்கு?

மார்ச் 10, செவ்வாய்

மாப்பிள்ளை வரவில்லை. நேற்றும் வரவில்லை. தங்கை போனில் பேசினாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள்: "முப்பத்தொரு வருஷம் நிஜ பஸ்ல ஒருத்தரையும் இடிக்கல. பொம்மை பஸ்ல இடிச்சுட்டாரு உன் மாப்பிள்ள. அவர சேத்துக்காதண்ணே, நீயே முடிச்சுடு."

நானும் சிரித்தேன். சிரித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 14, சனி

611 முதல் 640 வரை மறுபடி எடுத்தாக வேண்டும். அதற்குக் கேமரா பழைய இடத்துக்கே போக வேண்டும். 610ஆம் படத்தை மேசைமேலுள்ள கணினித் திரையில் மங்கலாக வைத்து, அதன்மேல் இப்போது கேமரா காண்பதைப் படியவைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை ஸ்டாண்டின் திருகாணியைத் திருக வேண்டும். திருகிவிட்டு மேசைக்கு வந்து பார்த்தால் கூடுதல். போய்த் திருகினால் குறைவு. முற்பகல் முழுக்க நடந்தேன். பாலத்துக்கு இரண்டு விளிம்பு தெரிந்துகொண்டே இருந்தது. ஒருவர் பார்க்க, ஒருவர் திருக — இது இரண்டு ஆள் வேலை.

எவ்வளவு துள்ளியிருக்கிறது என்று அளக்க 611ஐப் பெரிதாக்கினேன். பேருந்தின் முன்கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். தூசி என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். மூக்குக்கண்ணாடி. விளக்கு என் மூக்குக்கண்ணாடியில் பட்டு, அங்கிருந்து பேருந்தின் கண்ணாடியில் விழுந்திருக்கிறது.

மாப்பிள்ளை கண்ணாடி போடுவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அழித்துவிடலாம். எப்படியும் தூக்கியெறிய வேண்டிய படம்தான். யாருக்கும் தெரியாது.

அழிக்கவில்லை. துணிச்சலால் அல்ல. அழிக்கவும் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

தங்கை வீட்டு வாசல்வரை போனேன். ஸ்கூட்டர்மேல் உறை போட்டு, உறைமேல் தூசி படிந்திருந்தது. மணி அடிக்காமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவன், திரும்பும் வழியெல்லாம் உள்ளே போகாததற்குக் காரணம் தேடினேன். இரண்டும் சரளமாகவே வந்தன.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தங்கை வீட்டில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, கழற்றிய மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "நான்தான் தட்டினேன். தெரிஞ்சேதான் உங்க பேர எழுதினேன்" என்று மட்டும் வந்தது.

துடைப்பதை நிறுத்தவில்லை. இரண்டாவது இறக்கையை முடித்தார். மூன்றாவதையும் முடித்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"இடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல மச்சான். சமையல்கட்டுக்குப் போனேன், வந்தேன், எங்க இடிச்சேன்னு நாள்பூரா யோசிச்சுப் பாத்தேன். வரவே இல்ல. இடிச்சதே ஞாபகம் இல்லாதவன் ரோட்ல போகலாமா? ஸ்கூட்டர் சாவிய அவகிட்ட குடுத்துட்டேன்."

ஒரு படம் கோணியது என்றுதான் இத்தனை நாளும் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு மனிதர் தன்மேல் வைத்திருந்த நம்பிக்கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்.

"அவகிட்டயும் சொல்லுங்க" என்றார்.

தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதல்முறை சொல்வதைவிட இரண்டாம் முறை சொல்வது கடினம். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். உள்ளே போய், சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்புவார் எப்போதும். இன்று வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

குறிப்பேட்டில் 611ஆம் வரியை அடித்து, மேலே 'நான்' என்று எழுதி, ஓரத்தில் இனிஷியல் போட்டேன். பதினைந்து நாள் தாமதம்.

நூலகருக்கு எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை இல்லாமல் அவர் பேருந்தை நான் பணிமனைக்கு ஓட்டிப்போகக் கூடாது. படம் பாலத்திலேயே நிற்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு

திரையிடல் வேண்டாமென்று நூலகருக்குக் கடிதம் எழுதினேன். உறையை ஒட்டவில்லை.

மார்ச் 23, திங்கள்

எட்டு ஐம்பதுக்குத் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம்.

கறுப்புச் சட்டையில் வந்தார். அவர் அளவுக்கு, புதிது. வணக்கமும் இல்லை, கேலியும் இல்லை. குறிப்பேட்டை எடுத்து 611ஐப் படித்தார். மூடினார். நேராகக் கேமராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அது என் இடம். நான் திரையின் முன் உட்கார்ந்தேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் திருகினார். இடப்பக்கம். போதும். கொஞ்சம் கீழே. இன்னும் ஒரு இழை. அந்தத் தடித்த விரல்கள் திருகாணியைத் திருப்பியதே தெரியவில்லை. பாலத்தின் இரண்டு விளிம்பும் மெல்ல நெருங்கி ஒன்றாகிவிட்டன. முற்பகல் முழுக்க எனக்கு வராதது, பத்து நிமிடம்.

611 முதல் 634 வரை எடுத்தோம். எண்களைத் தவிர வேறு பேச்சில்லை. 30ஆம் தேதிக்குள் பணிமனை வாசலையாவது எட்டலாம்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவர் பேருந்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

"மச்சான், ஸ்டாண்டு."

இனி ஒவ்வொரு முறையும் சொல்வார். சுற்றிக்கொண்டு போனேன்.