அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை

மச்சான்,

உன் மகள் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. உள்ளே நம் கேசட். அதைச் சுற்றியிருந்தது நான் டாக்சி துடைக்கும் மஞ்சள் துணி. தபாலில் அடிபடக் கூடாது என்று நான்தான் சுற்றி அனுப்பினேன். அது கனடா போய், உன் அலமாரியில் கிடந்து, நீ போன பிறகும் ஒன்றரை வருஷம் கிடந்து, வாசம் போகாமல் கிள்ளானுக்கே திரும்பி வந்திருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. அதனால்தானே நீ கடிதம் போடாமல் கேசட்டில் பேசி அனுப்பினாய். "கடுதாசி போட்டா வேற யாராச்சும்தான் உனக்குப் படிச்சுக் காட்டணும். நமக்குள்ள பேசறத ஊரு கேக்கணுமா?" என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னாய். ஒரே கேசட் போகும், வரும். நீ பேசியதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நான் பேசுவேன். நான் பேசியதன் மேல் நீ பேசுவாய். கேட்ட எதையும் நான் மறப்பதில்லை. அதனால் உன் குரல் அழிகிறதே என்று கவலைப்பட்டதும் இல்லை.

எழுபதுகளில் நாம் ஒரே டாக்சியை ஓட்டினோம். காலையில் நீ, மதியத்துக்கு மேல் நான். விடிந்ததும் போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு மீன்கார அக்காவை ஏற்றிக்கொண்டு போவாய். காரின் பின்பெட்டியில் மீன் கூடைகள், கூடையில் ஐஸ், ஐஸில் உப்பு. வழி நெடுக அது சொட்டும். நீ மேலே பளபளவென்று துடைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பாய். நான் ஜாக்கி போட்டு அடியில் படுப்பேன்.

"என்ன மச்சான், வண்டிக்கு அடியில குடும்பம் நடத்தறியா?"

"மேல பாக்கறவன் பேசெஞ்சர். அடியில பாக்கறவன்தான் டிரைவர் லா."

நீ சிரிப்பாய். பிறகு ஒரு நாள் ஷா ஆலம் பக்கம் போகும்போது பின்பெட்டித் தளமே துருப்பிடித்துப் பொத்துக்கொண்டு, ஒரு திருக்கை மீன் சாலையில் விழுந்தது. அந்த அக்கா உன்னைத் திட்டியதை நீயே வந்து நடித்துக் காட்டினாய். "டேய் கட்டையில போறவனே, என் மீனு கோலாலம்பூருக்கு நடந்தா வரும்?" மறுநாளிலிருந்து நீயும் என் பக்கத்தில் வந்து படுத்தாய். உப்புத் தண்ணீரைக் கழுவிவிட்டு, காய்ந்ததும் பழைய என்ஜின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுவோம். முகத்தில் சொட்டும். அந்த வண்டி இன்னும் எட்டு வருஷம் ஓடியது.

உன் மனைவி இறந்த பிறகு மகள் உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். இரண்டாவது குளிர்காலத்தில் வந்ததுதான் உன் கடைசிப் பேச்சு. அது எனக்கு அப்படியே மனப்பாடம்.

"மச்சான், இங்க ரோட்டுல உப்பு கொட்டறான். லோரி லோரியா உப்பு. பனி உருகணுமாம். நம்ம மீன்கார அக்கா எவ்வளவோ தேவல. மருமவன் காரு வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு, கதவுக்குக் கீழ கொப்புளம் கொப்புளமா வந்துருச்சு. அவரு ரயில்ல வேலைக்குப் போயிடறாரு. மவளும் போயிடறா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நானும் காருந்தான். இத எப்படிக் காப்பாத்தறது, சொல்லு."

பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதுவும் நின்று, வெறும் இரைச்சல். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நிறுத்திவிட்டேன். எனக்கு அவசரம் மச்சான். யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை நீ கேட்டுவிட்டாய். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அந்த இரைச்சலிலேயே நிறுத்தினேன். டேப்பைப் பின்னால் ஓட்டி, ரெக்கார்ட் பட்டனை அழுத்திப் பேசத் தொடங்கினேன்.

கார் மேலே பளபளப்பாக இருக்கிறதா என்று பார்க்காதே, அடியில் படுத்துப் பார் என்றேன். சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் சேறும் உப்பும் சேர்ந்து அடையாக ஒட்டியிருக்கும், அதை முதலில் சுரண்டு என்றேன். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அடைபட விடாதே என்றேன். செருப்பில் ஒட்டி வரும் உப்பு காருக்குள் கால்மிதிக்குக் கீழே தங்கும், மிதியைத் தூக்கிக் காயவை என்றேன். எண்ணெய் தடவும்போது பிரேக் பக்கம் படக்கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கேசட் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில், நீ போய்விட்டாய் என்று தொலைபேசிதான் வந்தது.

போன வாரம் உன் மகள் கனடாவிலிருந்து என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "உங்க டேப்ப அப்பா ஒரு தடவதான் கேட்டாரு மாமா, ரூம் கதவ சாத்திக்கிட்டு. அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே வாரா வாரம் காருக்கு அடியில படுத்துக் கழுவினாரு. வேணாம்ப்பா, குளுருதுன்னு சொன்னாலும் கேக்கல. பக்கத்து வீட்டுக் காரெல்லாம் ஓட்டையாப் போச்சு. எங்க காருல அடியில ஒரு பொட்டுத் துரு இல்ல மாமா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளை வாசல் வரை சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன். பிறகுதான் கேசட்டைப் போட்டேன், ஒரு மூலையிலாவது உன் குரல் இருக்காதா என்று. எல்லாம் என் குரல். பிரேக், ஓட்டை, எண்ணெய். கடைசியில் நான் பட்டனை அமுக்கிய 'டக்'. அப்புறம் இரைச்சல். நிறுத்த எழுந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதால் உடனே போக முடியவில்லை.

அப்போது நீ பேசினாய். யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல மெதுவாக.

"மச்சான்... காரு கெடக்கட்டும். நான் அங்கயே வந்துரட்டுமா? மவகிட்ட இன்னும் சொல்லல. உன் வீட்டுப் பின்னாடி ரூமு சும்மாதான கெடக்குது? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, கோவிச்சுக்க மாட்டேன். ஒரு வார்த்த சொல்லு."

நான் பேசியது நீ பேசியதைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் அந்த இடம் அழியாமல் தப்பியிருக்கிறது. அப்படியென்றால் நீயும் இதே வரிசையில்தானே கேட்டிருப்பாய்? முதலில் என் பதில், அதற்குப் பிறகு உன் கேள்வி. நான் காரைப் பற்றி மட்டும் பேசியதையே 'முடியாது' என்ற பதிலாக எடுத்துக்கொண்டு, துணியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாய்.

பின்னாடி அறையில் நாலு பழைய டயர்தான் கிடந்தது மச்சான். உருட்டி வெளியே போட எவ்வளவு நேரம் ஆகும்?

உன் மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் அந்தக் காரை இன்னும் ஓட்டுகிறாள். வா என்று இப்போது சொல்லலாம். அந்தக் கேசட்டில் பேசினால் உன் குரல் போய்விடும். வேறு கேசட்டில் பேசினால் எங்கே அனுப்புவது?

இப்போதெல்லாம் யாராவது பேசி முடித்தால் எனக்கு நகரத் தோன்றுவதில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன். மருமகள்கூடக் கேட்கிறாள், "என்ன மாமா, நான்தான் சொல்லி முடிச்சிட்டேனே?"

சும்மாதான்ம்மா என்கிறேன். இன்னும் கொஞ்சம் நிற்கிறேன்.