மாற்றிக்கொள்ளாத ரேடியோ

12-8-1959, புதன்.

ராசப்பன் தன் சிறிய ரேடியோ பட்டறையை மதராஸ் கம்பெனிக்கு விற்றுவிட்டான். அவன் செய்த ரேடியோப் பெட்டியைக் கொடுத்தால் கம்பெனிப் பெட்டி இலவசமாம். அவனிடம் வாங்கியவர்கள் எல்லாம் பட்டறையில் கூடி, "எங்கள ஒரு வார்த்தை கேக்காம வித்துப்புட்டீங்களே!" என்று சண்டை பிடித்தார்கள். பிறகு அவர்களே வரிசையில் நின்று மாற்றிக்கொண்டார்கள். நல்ல விசுவாசம்!

அவன் செய்துகொடுத்த என் பெட்டியின் இரைச்சலால் மூன்று வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. இன்று அவனே கேட்டான்: "நீங்க மாத்தலையா சார்?"

"மாத்திட்டா அப்பறம் யாரைத் திட்டுறது? ஒவ்வொரு தடவையும் மதராசுக்கு லெட்டர் போட முடியுமா?"

சிரித்துவிட்டான். சாயங்காலம் திருப்புளியோடு வீட்டுக்கு வந்து சரிசெய்து, காப்பியும் குடித்துவிட்டுப் போனான்.

இப்போது இரைச்சலே இல்லை. நாளைக்கு வேறு குறை கண்டுபிடிக்க வேண்டும்.